மலைக்கு இந்தப் பக்கத்துத் தண்ணீர்

செவ்வாயில் முதன்முதலாக ஆழ்குழாய் போட்டவர் என் மாமனார். தண்ணீர் வராத முதல் ஆழ்குழாயும் அவருடையதுதான். இரண்டாவதாக ஒன்று போட அவருக்கு வாய்க்கவில்லை. முதலாவதை நிறுத்தினால்தானே இரண்டாவது?

பெயர் அர்த்தனாரி. திருச்செங்கோட்டில் மூன்று தலைமுறையாக ரிக் வண்டி வைத்துப் பிழைத்த குடும்பம். ராஜஸ்தான் பாறையையும் ஆப்பிரிக்கப் பாறையையும் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்கள். செவ்வாய்க்குக் குடும்பங்களை அனுப்ப ஒரு நிறுவனம் முன்வந்தபோது, தரைக்கடியில் உறைந்து கிடக்கும் பனியைத் தோண்டி எடுக்கத் தெரிந்த ஆட்களைத் தேடி அவர்கள் எங்கள் ஊருக்கு வந்து நின்றதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு குடும்பங்கள் கிளம்பினோம். நான் மஞ்சரி, அர்த்தனாரி வீட்டு மருமகள். படித்தது மின்பொறியியல். சூரியத் தகடுகளில் விளையும் மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்த்து, மூச்சுக்கு இவ்வளவு, சூட்டுக்கு இவ்வளவு, ரிக்குக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுப்பது என் வேலை.

தோண்ட வேண்டிய இடத்துக்கு எங்கள் தொழிலில் பாயிண்ட் என்று பெயர். பூமியிலிருந்து நிறுவனம் நான்கு இடங்களைக் குறித்து அனுப்பியிருந்தது. மாமனார் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்திருந்த தேங்காயை வெளியே எடுத்தார். விண்வெளி உடுப்போடு, கையுறைக்கு மேல் அதைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் உண்டு என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஓரிடத்தில் அது எழுந்து நின்றது. மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கிற ஊரில் அது எழுந்து நிற்காமல் என்ன செய்யும்? ஆனால் அன்றைக்கு நானும் கைதட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசை போட்டார். ரிக் ஓடத் தொடங்கியது.

முதல் சில மாதம் புழுதிதான் வந்தது. அப்போது பொங்கியண்ணன் வந்து பேசினார். அவர் மாமனாருக்குப் பங்காளி. சித்தப்பா மகன், வயதில் இளையவர்.

"அண்ணா, மலைக்கு அந்தப் பக்கம் சரிவுல பனி கண்ணுலயே தெரியுது. வெட்டி எடுத்தாப் போதும். எல்லாரும் அங்க போயிரலாமுங்."

"பூசை போட்ட பாயிண்ட்டை உட்டுட்டா?"

"பூசை போட்டது நாம. தண்ணி இல்லாதது அதோட குத்தம் இல்லீங்களே."

அவ்வளவுதான் பேச்சு. ஆறு குடும்பங்கள் பொங்கியண்ணனோடு போய்விட்டன. எங்கள் ஊர்ப் பக்கம் பங்காளிகளுக்குள் பகை வந்தால் அடிதடி எல்லாம் அப்புறம்தான். முதலில் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவார்கள். மாமனாரும் எல்லார் முன்னாலும் சொன்னார்: "அவன் தண்ணி என்ற தொண்டைல எறங்குனா, நான் அர்த்தனாரி இல்ல." திருச்செங்கோட்டில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த தெருக் குழாயில் குடித்துக்கொள்ளலாம். செவ்வாயில் அடுத்த தெரு கிடையாது.

இப்படியே எட்டு வருடம் ஓடியது. பூமியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து குடித்தோம். கழுவியது, வேர்த்தது, மூச்சில் போனது எல்லாம் வடிகட்டியில் ஏறித் திரும்பக் குவளைக்கு வரும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் காணாமல் போகும். குளிப்பது என்றால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வது. இங்கேயே பிறந்த என் மகள் நன்முல்லை சோறாக்கி விளையாடும்போது, கல்லை அடுப்பில் வைத்துவிட்டு, "தண்ணி ஊத்தக் கூடாது, அது பெரியவங்களுது" என்று பொம்மைக்குச் சொல்வாள். அதைக் கேட்ட அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கத்தான் நாளானது.

திறக்க வைத்தது புழுதிக் காலம். வானம் மங்கி, சூரியத் தகடுகள் சோம்பின. பேட்டரி மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆறு குடும்பத்தையும் கூட்டத்துக்கு அழைத்தேன். மாமனார் வந்து நடுவில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் விசாகன் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"மாமா, பேட்டரில இருக்கறது ரெண்டுல ஒண்ணுக்குத்தான் பத்தும். லாரியை எடுத்து மலையைச் சுத்தி எல்லாரும் அந்தப் பக்கம் போயிரலாம். இல்லீன்னா ரிக்கை இன்னுங் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஓட்டுனா அப்பறம் லாரி நகராதுங்."

ஆறு சக்கரமும் காற்றடைத்த அறையும் உள்ள அந்த வண்டிக்கு நிறுவனம் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. எங்களுக்கு அது லாரி.

"இன்னும் பத்து ராடு எறக்குனா வந்துரும் அம்மிணி," என்றார் மாமனார்.

"போன வருசமும் பத்து ராடுன்னுதானுங் சொன்னீங்."

"அன்னைக்கு விட இன்னைக்குப் பக்கத்துல வந்துட்டமா இல்லையா?"

இல்லாத ஒன்றுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டே இருக்கலாம், யாரும் தடுக்க முடியாது.

"செரிங், வந்துதுன்னே வெச்சுக்கலாம். வர்றது பனிக்கட்டி. அதை உருக்கி மேல கொண்டாறதுக்குக் கரண்டு வேணும். இருக்கறதையெல்லாம் ரிக்குக்குக் குடுத்துட்டு, பனியைக் கண்ணுல பாத்துட்டு உக்காந்திருக்கறதா?"

"மொதல்ல வரட்டும். மத்ததை அப்பறம் பாத்துக்கலாம்."

துளைக்குள் இறக்கும் ராடுகளை ஒன்றோடொன்று மாட்டும் காளியப்பன் எழுந்தான். நல்ல உழைப்பாளி. "எட்டு வருசம் தோண்டிட்டு இப்ப உட்டுட்டுப் போனா, தோண்டுனதுக்கு என்னுங்கக்கா மரியாதை?" என்றான். பத்துத் தலைகள் ஆடின. குழிக்கு மரியாதை செய்ய ஆறு குடும்பம் சாக வேண்டுமாம்! இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. ஒவ்வொருவரும் தன் எட்டு வருடத்தை அந்தக் குழிக்குள் போட்டிருந்தார்கள், அதை எடுக்காமல் கிளம்ப மனசு வரவில்லை. விசாகனைப் பார்த்தேன். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து பேட்டரி அறைக்குப் போய், ரிக்குக்குப் போகும் இணைப்பை உருவி எடுத்தேன்.

எட்டு வருடமாகக் காலடியில் அதிர்ந்துகொண்டிருந்த தரை நின்றது. நன்முல்லை பயந்து அழுதாள். அசையாத தரையை அவள் அறிந்ததே இல்லை.

மாமனார் வாசலில் வந்து நின்றார். "யாரைக் கேட்டு நிறுத்துன?"

"யாரைக் கேட்டு ஓட்டுனீங்?"

"அவன்கிட்டப் போயிக் கையேந்தோணுமா?"

"ஏந்தறேனுங். என்ற கைதானே."

"செத்தாலும் இந்தப் பாயிண்ட்லதான் சாவேன்."

"நீங்க சாவுங் மாமா. கொழந்தைகளைக் கூட்டிட்டுச் சாவாதீங்."

ஒரு மருமகள் பேசக்கூடிய பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். பின்னால் நின்ற பெண்கள் மூச்சை இழுத்தது காதில் விழுந்தது. ஆனால் முதலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் போனதும் அவர்கள்தான். ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார்கள். காளியப்பன் கடைசியாக ஏறினான். மாமனார் ஏறவில்லை. அவரைத் தனியாக விட்டு வர மாட்டேன் என்று விசாகனும் ஏறவில்லை.

விசாகனிடம் நான் சண்டை போடவில்லை. லாரிக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவர்கள் இருவரின் மூச்சுக்கும் சூட்டுக்கும் என்று ஒரு சின்னப் பேட்டரியில் ஒதுக்கினேன். "நான் திரும்பி வர்ற வரைக்கும் இது தாங்கும். இது குளுருக்கு. ரிக்குக்கு இல்லீங்," என்றேன். விசாகன் தலையாட்டினார். அவர் அப்பா ஆட்டவில்லை.

மலையைச் சுற்றிப் போக ஒரு பகல் முழுக்க ஆனது. நேராகப் போக முடிந்தால் கூப்பிடு தூரம்தான், நடுவில் அந்த மலை நிற்கிறது. பொங்கியண்ணன் மாமா வாசலிலேயே நின்றிருந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அண்ணன் வரவில்லையா என்று மட்டும் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். "வாங்க, வாங்க" என்று எல்லாரையும் உள்ளே கூட்டிப்போனார். அவர் மனைவி மரகதம் அத்தை தட்டு நிறைய டம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

யாரும் எடுக்கவில்லை. உதடு வெடித்துக் கிடந்த பிள்ளைகள்கூட அம்மாக்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. காளியப்பன் சுவரைப் பார்த்தான். எட்டு வருடப் பகை அந்தத் தட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

நான் ஒரு டம்ளரை எடுத்து அண்ணாந்து குடித்தேன். கழுத்திலும் நெஞ்சிலும் வழியவிட்டுக் குடித்தேன். வேண்டுமென்றேதான் வழியவிட்டேன். பிறகு இன்னொன்றை எடுத்து மகள் கையில் கொடுத்தேன். அதற்கப்புறம் தட்டு காலியாக நேரம் ஆகவில்லை.

எங்கள் லாரியின் பேட்டரி நிரம்பக் காத்திருந்தேன். பனிமலையைத் தவிர இங்கேயும் எல்லாம் அளவுதான். நிரம்பியும் நிரம்பாமலும் இருந்தபோது ரேடியோவில் விசாகனின் குரல் வந்தது.

"மஞ்சு! வந்துருச்சு! பனிக்கட்டி! வெள்ளையா வருது மஞ்சு!"

கூடத்தில் ஒரே கூச்சல். காளியப்பன் துள்ளினான். யாரோ அழுதார்கள். "அவசரப்பட்டுட்டமே" என்று ஒரு குரல் கேட்டது, சொன்னவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் ரேடியோவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"ரிக்கை எதுல ஓட்டுனீங்க?"

"சூட்டுக்கு வெச்சுட்டுப் போனியே, அதுல. அப்பா கேக்கலை. இங்க ரொம்பக் குளுருது மஞ்சு." அதோடு பேச்சு நின்றது.

நான் கிளம்பியபோது பொங்கியண்ணன் மாமா ஏற்கெனவே லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே ஓட்டினேன். மாமனாரை, விசாகனை, தேங்காயை, அந்தக் கேடுகெட்ட பாயிண்ட்டை. திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அறைக்குள் உறைபனி பூத்திருந்தது. இருக்கிற துணியையெல்லாம் போர்த்திக்கொண்டு விசாகன் தன் அப்பாவைக் கட்டிப்பிடித்துக் கிடந்தார். இருவருக்கும் மூச்சு இருந்தது. மாமனாரின் மடியில் பனிக்கட்டிகள் நிரம்பிய ஒரு வாளி. பக்கத்தில் எட்டு வருடம் தேடிய தண்ணீர் இருக்கிறது, அதை உருக்கி ஒரு மிடறு குடிக்க மின்சாரம் இல்லை. தூக்கும்போதுகூட வாளியை அவர் விடவில்லை. அதையும் சேர்த்தே லாரியில் ஏற்றினோம்.

பொங்கியண்ணன் வீட்டில் சூடான அறையில் படுக்க வைத்ததும் விசாகன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மாமனார் உதட்டை இறுக்கிக்கொண்டார். மரகதம் அத்தை டம்ளரை நீட்ட நீட்ட முகத்தைத் திருப்பினார்.

"என்ற தண்ணி இருக்குது," என்றார் வாளியைக் காட்டி. குரலே எழும்பவில்லை, ஆனால் கண்ணில் அப்படியொரு வெளிச்சம். "அதை உருக்கிக் குடு."

மரகதம் அத்தை வாளியைச் சமையலறைக்குக் கொண்டுபோனார். காளியப்பனும் மற்ற ஆண்களும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான் ஒருவன். எனக்கு உட்கார இடம் கொடுக்க யாரும் நகரவில்லை.

கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து மரகதம் அத்தை என்னைக் கூப்பிட்டார். வாளியில் பாதி உருகி, வடிகட்டியில் ஏறி, ஒரு டம்ளர் தயாராக இருந்தது. மிச்சம் இருந்த கட்டியை என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"மோந்து பாரு கண்ணு. என்ன வாசம்?"

முகர்ந்தேன். எனக்கு உடனே புரியவில்லை. எட்டு வருடமாக நான் முகராத வாசம். "அரப்பு," என்றேன்.

"இந்தக் கெரகத்துலயே அரப்புத் தேச்சுத் தல முழுகறவ நான் ஒருத்திதான். கண்ணாடிக் கொட்டாயில வளக்கறேன்."

பொங்கியண்ணன் மாமாவும் அங்கே நின்றிருந்தார்.

"நாங்க குளிச்ச தண்ணி, கழுவுன தண்ணியெல்லாம் வடிகட்டறதில்ல அம்மிணி. பனிதான் மலையாட்டம் கெடக்குதே. சுடச்சுட மலை வெடிப்புல ஊத்திருவோம். ஊத்த ஊத்த உள்ள போயிட்டே இருக்கும். எங்க போகுதுன்னு நாங்க ஒரு நாளும் யோசிக்கலை. சாய்வு உங்க பக்கமாட்டம் இருக்குது."

மூன்று பேரும் அந்த டம்ளரைப் பார்த்தோம். எட்டு வருடம் தோண்டி, இருந்த எல்லாவற்றையும் செலவழித்து, மகனையும் உறைய வைத்து மாமனார் எட்டிப் பிடித்தது மரகதம் அத்தையின் குளியல் தண்ணீர்.

"சொல்லாத அம்மிணி," என்றார் பொங்கியண்ணன் மாமா. அவர் கண் கலங்கியிருந்தது. "வடிகட்டியாச்சு, குடிச்சா ஒண்ணும் ஆகாது. ஜெயிச்சுட்டேன்னு அண்ணன் நெனச்சுக்கட்டும். போனாப் போகுது."

எவ்வளவு நல்ல மனிதர்! எனக்கும் அப்படியே விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த அறையிலிருந்து காளியப்பனின் குரல் கேட்டது.

"புழுதி அடங்குனதும் போயிரலாமுங் பெரியப்பா. பெரிய ஊத்தாத்தான் இருக்கும். பொண்டு புள்ளைகளையும் கூட்டிட்டே போயிரலாம். அதுக்கு அக்கட்டால இன்னும் ரெண்டு பாயிண்ட் போட்டா, அப்பறம் யாரு தயவும் நமக்கு வேண்டாம்."

"போலாம்," என்றது மாமனாரின் குரல். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

மனசு நோகக் கூடாது என்று எட்டு வருடம் நாங்கள் எல்லாரும் அவருக்குச் செய்துவந்தது இதைத்தான். அதனால்தான் பேட்டரி காலியானது. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"மாமா, இது உங்க போர்ல வந்த தண்ணி. குடிங். குடிக்கறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்குங். இது ஊத்து இல்ல. இவங்க குளிச்சு வெடிப்புல ஊத்துனது, நம்ம பக்கம் வந்து உறைஞ்சு கெடந்திருக்குது. மரகதம் அத்தை தேச்ச அரப்பு வாசம் அடிக்குது. நம்பாதவங்க போயி மிச்சக் கட்டியை மோந்து பாத்துட்டு வாங்க."

காளியப்பன் எழுந்து சமையலறைக்குப் போனான். அங்கிருந்து அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அழுவது போலச் சிரித்தான், நிறுத்த முடியாமல் சிரித்தான். ஒவ்வொருவராகப் போய் முகர்ந்து பார்த்துவிட்டு அவர்களும் சிரித்தார்கள். விசாகன்கூடக் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எவனும் எங்கள் பழைய பக்கத்துக்கு பெண்டு பிள்ளைகளோடு குழி தோண்டக் கிளம்ப மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"தண்ணி வந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"வந்துதுங் மாமா."

"அப்பப் பாயிண்ட் செரிதான்."

டம்ளரை வாங்கினார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புழுதி அடங்கிவிட்டது. யாரும் திரும்பிப் போகவில்லை. காளியப்பன் பனி வெட்டப் போகிறான். மாமனார் தேறி எழுந்து, பொங்கியண்ணன் மாமாவோடு தாயம் ஆடுகிறார். இந்த வீட்டுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். தன் போரில் வந்ததும் இதே தண்ணீர்தான், ஆகையால் சபதம் முறியவில்லை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பேத்தியோடு பேசுவார், எல்லாரோடும் பேசுவார். என்னோடு மட்டும் பேசுவதில்லை. நான் சோறு வைத்தால் சாப்பிடுவார், நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

"ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு மஞ்சு," என்கிறார் விசாகன். "பெரியவருதானே."

கேட்க மாட்டேன். எதற்குக் கேட்க வேண்டும்? அவர் உயிரோடு உட்கார்ந்துகொண்டு என்னோடு பேசாமல் இருக்கிறார். அப்படியே நூறு வயது வரைக்கும் பேசாமல் இருக்கட்டும்.